மேடையும் சேற்றுநிலமும்: வால்ட்டர் ரொட்னியின் ஆய்வுகள் பற்றிச் சில குறிப்புகள்

உலக முதலாளித்துவத்தைக் கண்டித்துப் பேசுவது நம் மத்தியில் இன்று கடினமான காரியமன்று. மண்டபம் ஒன்றும், தலைவர் ஒருவரும், வரவேற்புரையும் நன்றியுரையும் அமைந்துவிட்டால் போதும். உலகமயமாக்கல், பல்தேசியக் கம்பெனி, உலக வங்கி என்னும் மூன்று சொற்களைக் கொண்டு ஒரு மணி நேரத்தை நிரப்பிவிடலாம். கேட்போர் ஏற்கெனவே உடன்பட்டு வந்தவர்கள். உடன்பட்டே வீடு திரும்புவர். கூட்ட இடைவேளையில் வழங்கப்பட்ட தேநீரின் கொழுந்தை எந்தத் தோட்டத்தில் எவர் பறித்தார், அவருக்கு அன்றைக்குப் பேர் விழுந்ததா, அரைப்பேர்தான் விழுந்ததா என்ற கேள்வி அம்மண்டபத்தில் எழுவதில்லை.

இவ்வாறு கூறுவது மேடைப் பேச்சைப் பழிப்பதற்காக அன்று. மார்க்சியப் பொருளாதார ஆராய்ச்சி சர்வகலாசாலைச் சுவர்களுக்குள் முடங்காது பொதுமக்கள் முன் வரவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மேடைக்கு வரும் ஆராய்ச்சியாளன் அங்கிருந்து எதனைத் திரும்ப எடுத்துச் செல்கிறான் என்பதை நாம் கேட்டுப் பார்ப்பதில்லை. இதனை ஆராய்வதற்கு வால்ட்டர் ரொட்னியைப்போற் பொருத்தமான உதாரணம் வேறொன்றைக் காண்பது அரிது. அவருடைய பெயர் நம் கூட்டங்களில் அடிக்கடி உச்சரிக்கப்படுகின்றது; ஆனால் ஒரே ஒரு நூலின் தலைப்போடு அது நின்றுவிடுகின்றது. அந்நூலைக் காட்டிலும் முதிர்ந்த நூலொன்றை அவர் விட்டுச் சென்றார் என்பதும், அது நமக்கு மிக நெருங்கிய விஷயத்தைப் பற்றியது என்பதும் பலருக்குத் தெரியாதவை.

ரொட்னி 1942இல் பிரித்தானியக் கயானாவின் தலைநகரான ஜோர்ஜ்டவுனிற் பிறந்தவர். தந்தையார் தையற்காரர், தாயாரும் தையல் வேலை செய்தவர். ஆபிரிக்க வம்சாவளியினரும் இந்திய வம்சாவளியினரும் ஒன்றுபட்டு நின்ற மக்கள் முற்போக்குக் கட்சிக்கு அன்று அக்குடும்பம் ஆதரவளித்தது. கட்சித் துண்டுப்பிரசுரங்களை வீடு வீடாகக் கொண்டு சென்ற சிறுவனுக்கு அரசியல் அறிமுகமான முறை அது. 1953இல் அக்கட்சி தேர்தலில் வென்றது. 133 நாட்களில் பிரித்தானிய அரசாங்கம் படையை இறக்கி அரசியலமைப்பை நிறுத்தி வைத்தது. பின்னர் அக்கட்சியும் இன அடிப்படையிற் பிளவுண்டது. பதினொரு வயதுச் சிறுவன் கண்ட இந்த வெற்றியும் வீழ்ச்சியும் அவருடைய ஆராய்ச்சி முழுவதற்கும் பின்னணியாக அமைந்தன எனலாம்.

ஜமேக்காவிற் பட்டம் பெற்று, லண்டனில் மேற்கு ஆபிரிக்கக் கரையின் வரலாற்றை ஆராய்ந்து, இருபத்து நான்காவது வயதில் 1966இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். லண்டனில் இருந்த காலத்தில் இருவகைப் பள்ளிகளில் அவர் பயின்றார். ஒன்று, சி. எல். ஆர். ஜேம்ஸ் நடத்திய மார்க்சிய வாசிப்பு வட்டம். மற்றையது, ஹைட் பார்க் மூலையிற் பெட்டி மீதேறி நின்று போவோர் வருவோரை நிறுத்திப் பேசும் பழக்கம். பெட்டி மீது நிற்பவனுக்குத் தலைவர் மணியடிக்கத் தேவையில்லை; பேச்சிற் பொருளில்லையேல் கேட்போர் நடந்துவிடுவர்.

1968 ஜனவரியிற் கிங்ஸ்டன் நகரிலுள்ள சர்வகலாசாலையில் விரிவுரையாளரானார். மாலை வேளைகளிற் சேரிகளுக்கும் குப்பை மேடுகளுக்கும் சென்று ரஸ்தபாரி மக்களோடு தரையில் அமர்ந்து ஆபிரிக்க வரலாற்றைப் பேசினார். இத்தகைய கூடியிருப்புக்கு அம்மக்கள் வழங்கிய பெயரையே பின்னர் தம் நூலின் தலைப்பிற்கும் எடுத்துக்கொண்டார். தரையில் அமர்பவர்களுக்குள் மேல் கீழ் இல்லை. ஒருவர் சொல்வதை மற்றவர் சோதித்துப் பார்ப்பார். அரசாங்கம் இதனைப் பொறுக்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் கனடாவில் நடந்த மாநாடு ஒன்றுக்குச் சென்று திரும்பியவரை விமானத்தை விட்டு இறங்கவிடாது திருப்பி அனுப்பியது. மறுநாள் மாணவரும் நகரத்து ஏழைகளும் வீதிக்கு வந்தனர், கிங்ஸ்டன் எரிந்தது, உயிர்களும் போயின. பத்து மாதங்களுக்கும் குறைவான காலம் அங்கிருந்த வரலாற்று விரிவுரையாளர் ஒருவரின் பொருட்டு இத்துணை நிகழ்ந்ததென்றால், அதற்குக் காரணம் அவர் கூறிய கருத்துக்களைக் காட்டிலும் அவற்றை அவர் கூறிய இடமே என்று கருத வேண்டியிருக்கிறது. விரிவுரை மண்டபத்தில் அவற்றையே கூறியிருப்பின் அரசாங்கம் கொட்டாவி விட்டிருக்கும்.

அங்கிருந்து தன்சானியாவின் தார் எஸ் சலாம் சர்வகலாசாலைக்கு மீண்டார். சோசலிசம் பேசிய அந்நாட்டிலும் எல்லாம் சுமுகமாக இருக்கவில்லை. 1969 டிசம்பரில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவொன்றை ஆளுங்கட்சியின் ஆங்கில நாளேடு தலையங்கம் எழுதிக் கண்டித்தது. எனினும் அங்கேதான் 1972இல் 'ஆபிரிக்காவை ஐரோப்பா பின்தங்கச் செய்தது எவ்வாறு' என்ற புகழ்பெற்ற நூல் பிறந்தது. லண்டனிற் கயானா நாட்டவரான ஹன்ட்லி தம்பதியர் நடத்திய சிறு பதிப்பகமும் தன்சானியப் பதிப்பகமும் சேர்ந்து அதனை வெளியிட்டன. ஆராய்ச்சி உலகின் அளவுகோல்களைத் திருப்திப்படுத்துவது தம் நோக்கமன்று, தம்மைச் சுரண்டும் அமைப்பை அறிய விரும்பும் ஆபிரிக்கரை அடைவதே நோக்கம் என்று முன்னுரையிலேயே ஆசிரியர் அறிவித்துவிடுகிறார். அடிக்குறிப்புகளின் இடத்தில் அத்தியாயந்தோறும் மேலும் படிப்பதற்கான சிறு வழிகாட்டியைத் தருகிறார். கிங்ஸ்டன் தரையில் அமர்ந்திருந்தவர்களின் முகங்கள் அவர் மனத்தை விட்டு அகலவில்லை போலும்.

அந்நூலின் வலிமை எங்கே இருக்கிறது? வளர்ச்சி என்பதும் பின்தங்கல் என்பதும் இரு வேறு நிலைகளல்ல, ஒரே உறவின் இரு முனைகள் என்பது அதன் அடிப்படை. இதனை வேறு அறிஞரும் அக்காலத்திற் கூறினர். ரொட்னியின் தனித்தன்மை அவர் எடுக்கும் சான்றுகளில் உள்ளது. ஆபிரிக்காவிற் போடப்பட்ட இருப்புப்பாதைகளும் வீதிகளும் சுரங்கத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் கடலை நோக்கி ஓடினவேயன்றி ஓர் ஊரை மற்றோர் ஊருடன் இணைக்கவில்லை என்பதை அவர் காட்டுகிறார். கோப்பியை இறக்குவதற்காக 1867இற் கொழும்பிலிருந்து கண்டிக்குத் திறக்கப்பட்ட பாதையை அறிந்த நமக்கு இதனை விளக்கத் தேவையில்லை. சவர்க்காரக் கம்பெனியாகத் தொடங்கி, மேற்கு ஆபிரிக்கரின் பாம் எண்ணெயில் வளர்ந்து, 1929இல் யுனிலீவர் என்ற பெரும் நிறுவனமாக உருப்பெற்ற ஒன்றின் கதையை அவர் தனியே விரித்துரைக்கின்றார். அதே நிறுவனம் 1938இற் கொழும்பில் தொழிற்சாலை தொடங்கியது. சன்லைட் சவர்க்காரம் நம் கிணற்றடிகளுக்கும் வந்து சேர்ந்தது. ஏகாதிபத்தியம் என்ற பெரிய சொல் இங்கே கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய சவர்க்காரக் கட்டியாகி விடுகின்றது. எழுத்தாளன் கற்கவேண்டிய பாடம் இதில் உண்டு.

ஆயினும் நூலின் குறைபாட்டையும் மறைப்பதற்கில்லை. ஐரோப்பா, ஆபிரிக்கா என்ற இரு பெரும் உருவங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று எடுத்துக்கொள்கிறது, மற்றது இழக்கிறது. எடுத்துக்கொண்ட ஐரோப்பாவுக்குள் மன்செஸ்டர் நகரத்து நெசவாலைக் குழந்தையும் இருந்தது. இழந்த ஆபிரிக்காவுக்குள் அடிமைகளைக் கரைக்குக் கொண்டுவந்து விற்ற அரசனும் இருந்தான். ரொட்னி இவற்றை அறியாதவரல்லர். தம் முதல் ஆராய்ச்சியிலேயே கரையோரத் தலைவர்களின் பங்கை அவர் எழுதியவர். ஆனால் மக்களுக்கென எழுதிய நூலில் கணக்கு எளிமைப்படுத்தப்பட்டுவிட்டது. இதனைப் பிரசாரம் என்று கூறி ஒதுக்கிய சர்வகலாசாலைக் கனவான்களோடு நாம் சேரவில்லை. நம் குறை வேறு. மக்களுக்காக எழுதும்போது எளிமைப்படுத்தலாம் என்ற எண்ணம் மக்களைக் குறைத்து மதிப்பதாகும். தம்மூரிலேயே தம்மைச் சுரண்டுவோன் ஒருவன் உண்டு என்பது தரையில் அமர்ந்திருந்த அந்த ஏழைக்கு நன்கு தெரியும். அதை அவனிடமிருந்து மறைப்பதற்கு அவசியம் இல்லை. நம் மேடைகள் இந்நூலை விரும்புவதற்கும் இதுவே காரணமோ என்ற ஐயம் நமக்குண்டு. வெளியாரைக் கண்டித்தால் உள்ளூர் முதலாளி முன்வரிசையில் அமர்ந்து கைதட்டலாம்.

1974இல் ரொட்னி தாயகம் திரும்பினார். வரலாற்றுப் பேராசிரியர் பதவிக்கு அவர் தெரிவு செய்யப்பட்டிருந்தார்; அந்நியமனம் இரத்துச் செய்யப்பட்டது. வெளிநாட்டுச் சர்வகலாசாலைகளில் இடையிடையே கற்பித்துச் சீவனம் நடத்தினாரேயன்றி நாட்டை விட்டுப் போக மறுத்துவிட்டார். கயானாவின் கரையோர வீடுகள் வெள்ளத்துக்கு அஞ்சித் தூண்களின் மேற் கட்டப்பட்டவை. அவ்வீடுகளின் அடிப்பகுதி திறந்த நிழலிடம். ஊஞ்சற்படுக்கையும் வாங்கும் போட்டு அயலவர் கூடும் இடம். உழைக்கும் மக்கள் கூட்டணியின் வகுப்புகள் அங்கேதான் நடைபெற்றன. பொக்சைற் சுரங்கத்து ஆபிரிக்கத் தொழிலாளரும் கரும்புத் தோட்டத்து இந்தியத் தொழிலாளரும் ஒருவரையொருவர் அஞ்சப் பழக்கப்பட்டிருந்த நாட்டில் இரு சாராரும் அவரைக் கேட்க வந்தனர். 1962 முதல் 1964 வரை அந்நாடு இனக்கலவரத்தில் எரிந்ததை நினைவிற் கொண்டால் அதன் பொருள் விளங்கும்.

இக்காலத்தில் அவர் எழுதியதே 'கயானா உழைக்கும் மக்களின் வரலாறு, 1881–1905'. அவர் கொலையுண்டபின் 1981இல் அது வெளியாயிற்று.

நூல் சேற்றோடு தொடங்குகின்றது. கடல் மட்டத்துக்குக் கீழுள்ள அக்கரையோரத்தைக் கரும்பு நிலமாக்குவதற்கு அடிமைகள் மண்வெட்டியால் அள்ளி எறிந்த ஈரக்களி குறைந்தது 10 கோடி தொன் என ஆசிரியர் கணக்கிடுகின்றார். ஒரு சதுரமைல் கரும்புக்கு 49 மைல் வடிகாலும், 16 மைல் மேல்மட்டக் கால்வாயும் வெட்டப்பட்டன. உலக முதலாளித்துவத்தின் மூலதனம் எங்கிருந்து வந்தது என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான விடை எந்தச் சூத்திரத்திலும் இல்லை. அடிமைமுறை ஒழிந்தபின்னும் அவ்வடிகால்கள் தோட்டத்துரைமாரின் கையிலேயே இருந்தன. விடுதலை பெற்றவர்கள் பணம் சேர்த்து நிலம் வாங்கிக் கிராமம் அமைத்தார்கள். ஆனால் மதகைத் திறப்பதும் மூடுவதும் பக்கத்துத் தோட்டத்தின் வசதியைப் பொறுத்தது. நிலம் கிடைத்தது, தண்ணீர் கிடைக்கவில்லை. அல்லது வேண்டாத தண்ணீர் கிடைத்தது. கூலிக்கு மீண்டும் தோட்டத்துக்கே போகவேண்டியதாயிற்று.

1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 239,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அக்கரையில் இறக்கப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவிற் கப்பலேறியவர்கள். சென்னையிலிருந்து சென்றோர் சிறு தொகையினர். (அச்சிறு தொகையினரின் காளி வழிபாடு அங்கு இன்றும் மதராசிகளின் வழிபாடாகவே அறியப்படுகின்றது.) இவர்களைக் கொண்டுவரும் செலவின் ஒரு பகுதி குடியேற்ற நாட்டின் பொது வருவாயிலிருந்து கொடுக்கப்பட்டது. அவ்வருவாய்க்கு இறக்குமதிப் பண்டங்களின் வரியாகப் பணம் செலுத்தியவன் ஆபிரிக்கத் தொழிலாளி. ஆகவே, தன் கூலியைக் குறைக்க வருகின்றவனின் கப்பற்கூலியைத் தானே செலுத்தும் நிலைக்கு அவன் ஆளானான். இந்த இடத்தில் ரொட்னியின் ஆராய்ச்சி உச்சத்தை அடைகிறது. இனப்பகை மூடத்தனம் என்று ஒற்றை வார்த்தையில் ஒதுக்கிவிட்டு ஒற்றுமையைப் போதிப்பவரல்லர் அவர். பகைக்கு ஒரு பொருளாதார அடிப்படை இருந்தது, அதனை அமைத்தவர் எவர், அதனால் இலாபமடைந்தவர் எவர் என்று கணக்கைத் திறந்து காட்டுகின்றார். அதே வேளை, 1896இல் நொன் பரெய் தோட்டத்திற் கூலிப் பிரச்சினைக்காகத் திரண்ட இந்தியத் தொழிலாளர் ஐவர் சுட்டுக்கொல்லப்பட்டதையும், 1905 இறுதியில் ஜோர்ஜ்டவுன் துறைமுகத்திற் தொடங்கிய ஆபிரிக்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தம் துப்பாக்கிச்சூட்டில் முடிந்ததையும் ஒரே நூலில் வைக்கின்றார். இவை ஒன்றாய் இணைந்த போராட்டங்களாக இருந்தன என்று அவர் பொய் கூறவில்லை. ஒரே முதலாளிக்கு எதிராகத் தனித்தனியே நடந்த போராட்டங்கள் அவை.

முன்னைய நூலில் ஐரோப்பா என்றும் ஆபிரிக்கா என்றும் நின்ற இரு உருவங்கள் இங்கே உடைந்துவிட்டதைக் காண்கிறோம். ஆவணக் காப்பகத்தின் உழைப்பு மட்டும் இம்மாற்றத்தை உண்டாக்கியது என்று நாம் நம்பவில்லை. வீட்டடி நிழலில் இந்தியனையும் ஆபிரிக்கனையும் ஒரே வாங்கில் இருத்திப் பேச முயன்றவனுக்கு, ஒருவனுடைய மனக்குறையை மற்றவன் முன்னிலையில் நேர்மையாகச் சொல்லவேண்டிய கட்டாயம் ஏற்பட்டிருக்கும். மேடையிலிருந்து அவர் எடுத்துச் சென்றது அதுவே. குழந்தைகளுக்கென அவர் எழுதிய இரு சிறு நூல்களில் ஒன்று ஆபிரிக்காவிலிருந்து வந்த கோபியைப் பற்றியது. மற்றையது இந்தியாவிலிருந்து வந்த லட்சுமியைப் பற்றியது.

1980 ஜூன் 13ஆம் திகதி இரவு, இராணுவத்திற் பணியாற்றிய மின்னணுத் தொழில்நுட்பக்காரன் ஒருவன் கொடுத்த கருவியில் மறைந்திருந்த குண்டு வெடித்து ரொட்னி மாண்டார். வயது முப்பத்தெட்டு. ஆட்சித் தலைவர் பேர்ன்ஹமுக்குத் தெரிந்தே இது நிகழ்ந்தது என்று விசாரணை ஆணைக்குழு 2016இல் அறிக்கை கொடுத்தது. முப்பத்தாறு ஆண்டுகள் சென்றன.

இன்றைய சர்ச்சையொன்றை இதன் அருகில் வைத்துப் பார்த்தல் தகும். 'மூலதனம்' நூலைப் பல பத்தாண்டுகளாக வகுப்பெடுத்து வருபவரும், 2008 முதல் அவ்விரிவுரைகளை உலகமெங்கும் இலவசமாகக் கேட்கச் செய்தவருமான டேவிட் ஹார்வி பெருஞ்சேவை செய்திருக்கின்றார். 2003இல் ஒக்ஸ்போர்டில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் பறித்துச் சேர்த்தல் என்ற கருத்தைப் பரவலாக்கின. ஆயினும் உத்சா பட்நாயக், பிரபாத் பட்நாயக் ஆகியோரின் ஏகாதிபத்தியம் பற்றிய 2016ஆம் ஆண்டு நூலிற் சேர்க்கப்பட்ட தம் மறுப்புரையில், கிழக்கிலிருந்து மேற்கே செல்வம் வடிந்த இரு நூற்றாண்டுப் போக்கு அண்மைய பத்தாண்டுகளிற் பெரும்பாலும் தலைகீழாகிவிட்டதென அவர் எழுதினார். ஷங்ஹாய் நகரின் வானுயர்ந்த கட்டிடங்களிலிருந்து பார்த்தால் அப்படித் தோன்றலாம். தேயிலைத் தோட்டத்துப் பிரட்டுக்களத்திலிருந்து பார்த்தால் அவ்வாறு தோன்றாது. நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை 2021இற் சட்டப்படி ஏற்கப்படுவதற்கே பல ஆண்டுகள் பிடித்தன. அதற்குள் அந்த ஆயிரத்தின் பெறுமதி கரைந்துவிட்டது. ஹார்வியின் அறிவில் நமக்கு ஐயமில்லை. அவருடைய வகுப்பில் எவர் எழுந்து நின்று மறுத்தார் என்பதே நம் கேள்வி.

நம் நாட்டில் இவ்வேலையைச் செய்தவர் இல்லாமலில்லை. ரொட்னியின் கடைசி நூல் வெளிவந்த மறு ஆண்டில், 1982இல், எஸ். பி. டி. டி சில்வாவின் 'பின்தங்கலின் அரசியற் பொருளாதாரம்' வெளியாயிற்று. தோட்டம் நவீனத் துறை, கிராமம் பழைய துறை என்று நமக்குப் பாடசாலையிற் கற்பிக்கப்பட்ட பாகுபாட்டை அந்நூல் உடைத்தது. தோட்டத்தில் நவீனமாக இருந்தது பெரும்பாலும் தொழிற்சாலைக் கட்டிடமும் கணக்குப் புத்தகமுமே. மலைச்சரிவில் வேலை மனிதக் கையாலும் மலிந்த கூலியாலும் நடந்தது. அவற்றை ஆண்டது ஏஜன்சிக் கம்பெனிகளின் வர்த்தக மூலதனம்; அது தரகிற் பிழைத்தது, உற்பத்தி முறையை மாற்ற அதற்கு அவசியம் இருக்கவில்லை. 2018இல் டி சில்வா காலமானபோது இரங்கலுரைகள் அவரைப் புகழ்ந்தன. ஆயினும் ரொட்னிக்கு வாய்த்த வீட்டடி வகுப்பு டி சில்வாவின் நூலுக்கு வாய்க்கவில்லை. அதன் ஆங்கிலமும் கனமும் லயத்தின் வாசலுக்கு வரவில்லை. அங்கு கங்காணியின் கடனும், அக்கடனைத் தொழிலாளியின் தலையோடு சேர்த்துத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய துண்டும் பகுப்பாய்வின் உறுப்புகளாக இருக்கின்றன; 1921இல் அத்துண்டு முறை ஒழிக்கப்படும்வரை அதனைச் சுமந்தவனின் குரல் கேட்கவில்லை.

ரொட்னியும் இவ்விஷயத்தில் முழுவெற்றி பெற்றவரல்லர். துரைமாரின் கடிதங்கள், குடிவரவு அதிகாரியின் அறிக்கைகள், பத்திரிகைகள் ஆகியனவே அவருக்கும் பெரும்பாலும் ஆதாரம். எனினும் அவற்றிடையே ஓரிரு குரல்கள் உண்டு. 1894இல் ஒப்பந்தக் கூலியாக வந்திறங்கிய வங்காளி ஒருவன், 1896 முதல் ஜோர்ஜ்டவுன் நாளேட்டுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினான். கூலி, சட்டம், துரைமாரின் ஒழுக்கம் எதனையும் விடவில்லை. 1897இல் அரச ஆணைக்குழுவின் முன் சாட்சியமும் அளித்தான். பெச்சு என்பது அவன் பெயர். நம் செவிக்குப் பேச்சு என்றே கேட்கும்.

நமக்கும் அத்தகைய குரல்கள் உண்டு. புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையை அறிந்த கோ. நடேசய்யர், 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் கண்டார். அவர் மேடைகளில் மீனாட்சியம்மாள் பாட்டிசைத்துத் தொழிலாளரைத் திரட்டினார். அப்பேச்சுக்களும் பாட்டுப் பிரசுரங்களும் மலையக இலக்கிய வரலாற்றின் முதற்பக்கங்களில் மரியாதையோடு குறிப்பிடப்படுகின்றன. டி சில்வா காட்டும் தரகுக் கணக்கின் அருகே அவற்றை வைத்து ஒருவர் வாசித்தால், 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டபோது மலையடிவாரக் கிராமத்துச் சிங்கள விவசாயி ஏன் வாளாவிருந்தான், அவனுடைய மனக்குறையின் கணக்கு யார் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது என்பவையும் அதில் வந்து சேரும்.